ஒன்ராறியோ ஸ்னோமொபைல் தடங்கள்: பெர்மிட்டும் விதிகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்ராறியோவில் ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் இயந்திர வண்டி) தடங்கள் இருக்கின்றன. அவற்றை வெட்டித் துப்புரவாக்கி, பாலம் போட்டு, பலகை நட்டு, காணிக்காரர்களிடம் அனுமதி கேட்டு நிற்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க் கிளப்புகளின் தன்னார்வலர்கள். கிளப்புகளை ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கிளப்புகளின் கூட்டமைப்பு (ஓ.எஃப்.எஸ்.சி.) ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது. கிளப்பில் புதிதாகக் கண்காணிப்பு வேலைக்கு வருவோருக்காகவும், குளிர்காலத்தில் மஸ்கோகா, ஹாலிபர்ட்டன், கவார்த்தா பக்கம் வண்டி ஓட்டப் போகும் ரொறன்ரோப் பகுதித் தமிழருக்காகவும் இந்தப் பதில்கள்.

தடம் யாருக்குச் சொந்தம்? அரசாங்கத்துக்கா, கிளப்புக்கா?

பெரும்பாலான இடங்களில் இரண்டும் இல்லை. தெற்கு ஒன்ராறியோவில் தடத்தின் பெரும்பகுதி தனியார் காணிகளுக்குள்ளால் போகிறது: விவசாயியின் வயல், ஒருவரின் காட்டுத்துண்டு, பழைய கல் வேலியோரம். வடக்கே போகப் போக அரச காணி கூடுகிறது. காணிக்காரர் வாடகை வாங்காமல், குளிர்காலத்துக்கு மட்டும், "சரி, போங்கோ" என்று விடுகிறார். அவர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம்.

கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் அடிப்படை இதுதான். ஒரு காணிக்காரர் "இனி வேண்டாம்" என்றால் போவது அவருடைய 400 மீட்டர் மட்டுமல்ல. அந்தத் துண்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள தடம் முழுவதும் துண்டிக்கப்பட்டுவிடும். சுற்றி வழி தேட வேறு மூன்று, நான்கு காணிக்காரரிடம் போய் நிற்க வேண்டும். பெர்மிட் (தடத்தில் ஓட்டுவதற்கு வண்டியில் ஒட்டும் அனுமதி ஸ்டிக்கர்) பார்ப்பது பணத்துக்காக என்று பலர் நினைக்கிறார்கள். பணமும் ஒரு காரணம்தான். ஆனால் முதல் காரணம், அந்தக் காணிக்காரருக்குக் கிளப் கொடுத்த வாக்கு.

பெர்மிட் சட்டப்படி கட்டாயமா, அல்லது கிளப் வைத்த விதியா?

சட்டப்படி கட்டாயம். மாகாணத்தின் இயந்திரப் பனிவாகனச் சட்டம் 2000-களின் தொடக்கத்தில் திருத்தப்பட்டது. குறிக்கப்பட்ட கூட்டமைப்புத் தடத்தில் பெர்மிட் இல்லாமல் ஓட்டுவது அதன்பின் மாகாணக் குற்றமாகிவிட்டது. தண்டப்பணம் 200 டொலரில் தொடங்கி 1,000 டொலர் வரை போகலாம்.

விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். இலையுதிர் காலத்தில் வாங்கினால் மலிவு, பனி விழுந்தபின் கூடும். பருவம் முழுவதுக்குமானது, சில நாட்களுக்கானது, பழைய வண்டிகளுக்கானது என்று வகைகள் உண்டு. பெர்மிட் பணம் தடத்தைச் சமன்படுத்தும் இயந்திரம், டீசல், பாலம், பலகை, காப்புறுதி ஆகியவற்றுக்குப் போகிறது. ஒரு சமன்படுத்தும் இயந்திரத்தின் விலையே பல இலட்சம் டொலர்.

பெர்மிட் ஆளுக்கா, வண்டிக்கா?

வண்டிக்கு. உங்களிடம் இரண்டு வண்டி இருந்தால் இரண்டு பெர்மிட் வேண்டும். நண்பரின் வண்டியை இரவல் வாங்கினால் அதில் பெர்மிட் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வண்டியின் ஸ்டிக்கரை உரித்து அதில் ஒட்ட முடியாது. வாடகை வண்டி எடுப்போர் சாவி வாங்குமுன் ஸ்டிக்கரைக் கண்ணால் பார்ப்பது நல்லது. "எல்லாம் இருக்கு" என்ற சொல்லை நம்பித் தடத்தில் இறங்கினால், தண்டச்சீட்டு ஓட்டுபவரின் பெயருக்குத்தான் வரும்.

கியூபெக்குக்குத் தனிப் பெர்மிட் உண்டு, அது இங்கே செல்லாது.

பெர்மிட் பார்க்கும்போது அடிக்கடி என்ன பிழை கண்ணில் படும்?

ஒட்டும் நாடாவால் ஒட்டிய ஸ்டிக்கர். வண்டிக்கு வண்டி மாற்றத்தான் அப்படி ஒட்டுவார்கள், ஆகவே ஓரத்தைக் கவனியுங்கள். போன பருவத்து ஸ்டிக்கர் அடுத்தது. பனி படிந்திருந்தால் ஆண்டு தெரியாது, கையுறையால் துடைக்கும்படி ஓட்டுநரிடமே சொல்லுங்கள், நீங்கள் தொடாதீர்கள். மூன்றாவது, கைப்பேசியில் இருக்கும் ரசீது. மறை 20 பாகையில் கைப்பேசி மின்கலம் பத்து நிமிடத்தில் படுத்துவிடலாம், பிறகு காட்ட ஒன்றும் இருக்காது. ரசீதைக் கடதாசியில் அச்சடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்சட்டைப் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

யாருக்குப் பெர்மிட் தேவையில்லை?

தன் சொந்தக் காணிக்குள் ஓட்டும் காணிக்காரருக்குத் தேவையில்லை. அரச காணியில் விலங்குப் பொறி வைத்தல், சுரங்கம், மரம் வெட்டுதல் போன்ற உரிமத்தோடு வேலைக்குப் போவோருக்கும் விலக்குகள் உள்ளன. யாராவது விலக்கு என்று சொன்னால் வாதாடாமல் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தீர்மானிப்பது தடத்தோரத்தில் நிற்கும் தன்னார்வலரின் வேலை அல்ல.

பெர்மிட் தவிர வேறு என்ன வேண்டும்?

வண்டி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், பதிவு எண் இரு பக்கமும் தெரிய வேண்டும். காப்புறுதி அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம் அல்லது ஸ்னோமொபைல் ஓட்டுநர் உரிமம், ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் தலைக்கவசம். தடத்தில் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர். வாகனங்களுக்கு 50 அல்லது அதற்குக் குறைந்த வேகம் குறிக்கப்பட்ட வீதியோரத்தில் 20 கிலோமீட்டர்தான். 400 வரிசை நெடுஞ்சாலைகளின் ஓரத்திலும் போகக் கூடாது.

பிள்ளைகள் ஓட்டலாமா?

12 வயதிலிருந்து, பயிற்சி முடித்து ஸ்னோமொபைல் உரிமம் எடுத்தால் தடத்தில் ஓட்டலாம். ஆனால் பொது வீதி வழியாகவோ வீதியைக் குறுக்காகவோ ஓட்ட 16 வயது ஆகியிருக்க வேண்டும். இதைப் பல பெற்றோர் அறிவதில்லை. தடம் வீதியைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் 14 வயதுப் பிள்ளை இறங்கி நிற்க, பெரியவர் ஒருவர் அந்த வண்டியை அக்கரை சேர்க்க வேண்டும். போகும் முன்பே வரைபடத்தில் வீதிக் கடவைகளை எண்ணிப் பார்த்துத் தடத்தைத் தெரிவு செய்யுங்கள்.

தடத்தில் யாருக்கு என்ன அதிகாரம்?

இங்கேதான் புதிய தன்னார்வலர்கள் தடுமாறுகிறார்கள்.

கிளப்பின் தடக் கண்காணிப்பாளர், அதாவது கூட்டமைப்பின் பயிற்சி முடித்தவர், காணிக்காரரின் சார்பாக நிற்பவர். வண்டியை நிறுத்தச் சொல்லலாம், பெர்மிட் கேட்கலாம், இல்லாவிட்டால் தடத்தைவிட்டு வெளியேறச் சொல்லலாம், குறிப்பெடுத்துப் பொலிசுக்குக் கொடுக்கலாம். தண்டச்சீட்டு எழுத முடியாது. சாவியைப் பறிக்க முடியாது, வண்டியைச் சோதனை போட முடியாது.

'ஸ்டொப்' (STOP, ஸ்னோமொபைல் தட அதிகாரிகளின் ரோந்து) அதிகாரி வேறு. அவரும் தன்னார்வலர்தான், ஆனால் விசேட பொலிஸ்காரருக்குரிய அதிகாரம் பெற்றவர். 1990-களின் தொடக்கத்தில் சட்பரியில் ஸ்னோமொபைல் மரணங்கள் கூடியபோது பொலிசும் கிளப்புகளும் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு இது. அவர் தண்டச்சீட்டு எழுதலாம். ஒன்ராறியோ மாகாணப் பொலிஸ் ஸ்னோமொபைலிலேயே சுற்றும் பிரிவொன்றை வைத்திருக்கிறது. இயற்கைவளப் பாதுகாப்பு அதிகாரியும் நிறுத்தலாம்.

காணிக்காரர் தன் காணிக்குள் நிறுத்தச் சொன்னாலும் ஓட்டுநர் நிறுத்திப் பெயரும் முகவரியும் சொல்லியாக வேண்டும். இது சட்டம். "நீ யார் என்னைக் கேட்க" என்பதற்கு அங்கே இடமில்லை.

அத்துமீறல் சட்டம் காணிக்காரருக்கும் அவர் அதிகாரம் கொடுத்தவருக்கும் கைது செய்யும் உரிமையைக்கூடத் தருகிறது. அதைத் தன்னார்வலர் பயன்படுத்தவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. காட்டுக்குள், இருட்டில், கனத்த உடுப்போடு ஓர் ஆளைப் பிடித்து வைக்கப் போனால் யாராவது காயப்படுவார்கள். பிறகு கிளப்பே வழக்கில் நிற்கும்.

சோதனை நிறுத்தத்தை எப்படி அமைப்பது?

முதலில் இடம். இரு பக்கமும் குறைந்தது 150 மீட்டர் நேராகத் தெரிய வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடும், அப்படிப் பார்த்தால் 150 மீட்டர் என்பது பத்துப் பதினொரு விநாடிதான். அதற்குள் ஓட்டுநர் உங்களைக் கண்டு, புரிந்து, வேகம் குறைத்து, பின்னால் வருபவர்களுக்குக் கை காட்டி நிறுத்த வேண்டும். பலர் 50-க்கு மேல் வருவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். வளைவு, மேட்டின் மறுபக்கம், பாலத்தின் நடு, வீதிக் கடவை, ரயில் கடவை, ஏரிப் பனி ஆகிய ஆறிடமும் ஆகாது. மிகச் சிறந்த இடம், வண்டிகள் எப்படியும் மெதுவாகும் தடச்சந்தி, அல்லது எரிபொருள் நிலையத்துக்குப் போகும் கிளைத்தடத்தின் வாய். வாகனத் தரிப்பிடத்தில் வண்டி இறக்கும்போதே பார்த்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது. அங்கே இயந்திரம் ஓடாது, தப்பி ஓட்டமும் இல்லை, பெர்மிட் இல்லாதவருக்கு அங்கேயே வாங்கும் வழியைச் சொல்லலாம்.

ஆட்கள் மூவருக்குக் குறையக் கூடாது. ஒருவர் நிறுத்தச் சைகை காட்ட, ஒருவர் பேச, ஒருவர் சற்றுத் தள்ளி நின்று எழுத. எல்லோருக்கும் ஒளிரும் மேற்சட்டை. உங்கள் வண்டிகளைத் தடத்துக்கு வெளியே, முகவிளக்கு வருவோரின் கண்ணில் அடிக்காத திசையில் நிறுத்துங்கள். தடத்தைக் குறுக்கே மறித்து வண்டி நிறுத்துவது கூடவே கூடாது.

நிறுத்தச் சைகை, இடக்கையைத் தலைக்கு மேலே நேராக உயர்த்துவது. தடத்தின் வலது ஓரத்தில் நின்று காட்டுங்கள், நடுவில் நிற்காதீர்கள். வண்டி நின்றதும் முதலில் இயந்திரத்தை அணைக்கச் சொல்லுங்கள். தலைக்கவசத்துக்குள் இருப்பவருக்கு இயந்திரச் சத்தத்தில் பாதி கேட்காது, நீங்கள் குரலை உயர்த்தினால் அவர் சண்டை என்று நினைப்பார். வேகம் கூட்டும் நெம்பு தவறுதலாக அழுத்தப்பட்டு வண்டி பாய்வதும் நிற்கும். உங்கள் முகமூடியை இறக்கி முகம் தெரியப் பேசுங்கள்: "வணக்கம், நாங்கள் உள்ளூர்க் கிளப். பெர்மிட் பார்க்கிறோம். இன்றைக்குத் தடம் எப்படி இருக்கிறது?" அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். விழுந்த மரம், தேய்ந்த பாலப்பலகை, காணாமற்போன குறியீடு பற்றிய தகவல் அதில்தான் வரும்.

கூட்டமாக வந்தால் கடைசி வண்டி எது என்று கேட்டுவிட்டே விடுங்கள். ஒரு வண்டியை 2 நிமிடத்துக்கு மேல் பிடித்து வைத்தால் பின்னால் வரிசை வளர்ந்து, வளைவைத் தாண்டி நிற்கும். அப்படி நின்றால் பார்ப்பதை நிறுத்தி எல்லோரையும் போக விடுங்கள். பெர்மிட் இல்லாத ஒருவர் தப்புவது, வரிசையின் வாலில் ஒரு வண்டி மோதுவதைவிட எவ்வளவோ மேல்.

நிறுத்தாமல் ஓடினால் துரத்தலாமா?

கூடாது. துரத்தினால் அவர் வேகம் கூட்டுவார், அடுத்த வளைவில் எதிரே வருவது ஒரு குடும்பமாக இருக்கலாம். நேரம், தட எண், திசை, வண்டியின் நிறம், தயாரிப்பு, பதிவு எண்ணில் தெரிந்த இலக்கங்கள், உடுப்பின் நிறம், தலைக்கவசம் ஆகியவற்றை உடனே எழுதுங்கள். மூவரும் தனித்தனியாக எழுதுங்கள். பேசி ஒத்துக்கொண்டு எழுதிய மூன்று குறிப்பு நீதிமன்றத்தில் ஒரு குறிப்புக்குத்தான் சமம். பேனா மை உறைந்துவிடும், பென்சில் கொண்டு போங்கள்.

ஓட்டுநரிடம் மது வாசம் வந்தால்?

911 அழையுங்கள். ஸ்னோமொபைல் ஓட்டுவதற்கும் காருக்குரிய மதுச் சட்டங்களே. இரத்தத்தில் 0.08 வீத மது குற்றவியல் எல்லை, 0.05-இலிருந்து மாகாணத் தடை தொடங்கும். தடைப்படுவது கார் ஓட்டும் அனுமதிப்பத்திரமும்தான். 22 வயதுக்குட்பட்டவருக்கும் புதிய சாரதிக்கும் ஒரு துளியும் ஆகாது. பொலிஸ் வரும்வரை அவரோடு பேச்சுக் கொடுங்கள், சூடான தேநீர் இருந்தால் கொடுங்கள், கூட வந்தவரை வண்டியைப் பொறுப்பெடுக்கச் சொல்லுங்கள். சாவியைப் பிடுங்காதீர்கள். போய்விட்டால் திசையைச் சொல்லுங்கள்.

அவசரமில்லாத முறைப்பாடுகளுக்கு மாகாணப் பொலிசின் எண் 1-888-310-1122.

தடத்திலிருந்து கொஞ்சம் விலகி வயலில் ஓடினால் என்ன கெட்டுப்போகும்? எல்லாம் பனிதானே?

பனிக்குக் கீழே பயிர் இருக்கிறது. குளிர்காலக் கோதுமையை இலையுதிர் காலத்தில் விதைப்பார்கள். தளர்ந்த பனி அதற்குப் போர்வை. வண்டி ஓடினால் பனி இறுகிப் பனிக்கட்டியாகும், போர்வையின் காப்பு போய்விடும், குளிர் வேருக்கு இறங்கும், காற்றும் அடைபடும். வசந்தத்தில் வயலின் குறுக்கே வண்டி போன வழியெல்லாம் மஞ்சள் கோடாகத் தெரியும். கால்நடைத் தீவனப் பயிரான அல்பால்பாவுக்கும் இதே கதி. மரம் நட்ட காணியில் இன்னும் மோசம்: முழங்கால் உயரப் பைன் கன்றுகள் பனிக்குள் மறைந்திருக்கும், நுனிக்குருத்து முறிந்தால் மரம் கோணலாகவே வளரும்.

அத்துமீறல் சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. பயிரிட்ட நிலத்துக்கும் இளமரம் நட்ட காணிக்கும் வேலியிட்ட இடத்துக்கும் "நுழையாதே" பலகையே தேவையில்லை, நுழைந்தாலே அத்துமீறல். மற்றக் காணிகளில் சிவப்புக் குறி என்றால் நுழைவு இல்லை, மஞ்சள் குறி என்றால் சொன்ன காரியத்துக்கு மட்டும். குறி 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டம் அடங்கும் அளவாவது இருக்க வேண்டும், பகல் வெளிச்சத்தில் தெரிய வேண்டும். 2016-இல் உச்சத் தண்டப்பணம் 2,000 டொலரிலிருந்து 10,000 டொலராக உயர்த்தப்பட்டது. வெளியேறச் சொன்ன பிறகும் நிற்பது தனிக் குற்றம்.

மூடிய தடத்தில் பெர்மிட்டோடு போகலாமா?

போகக் கூடாது. கூட்டமைப்பின் இணைய வரைபடத்தில் பச்சை என்றால் திறந்தது, மஞ்சள் என்றால் கவனத்தோடு போகக்கூடியது, சிவப்பு என்றால் இல்லை. சிவப்பாக இருக்கும்போது காணிக்காரரின் அனுமதியும் இல்லை, ஆகவே பெர்மிட் ஒட்டியவரும் அத்துமீறுபவரே. டிசம்பரில் முதல் பனி விழுந்ததும் ஆசையோடு கிளம்புபவர்கள் செய்யும் சேதம் பெரிது. நிலம் உறையாத சதுப்பில் வண்டி இறங்கினால் சேறு கிளறுபட்டு, அந்த இடம் உறைய இன்னும் பல நாள் எடுக்கும். இரவில் சமன்படுத்திய தடத்துக்கும் இறுகச் சில மணி நேரம் வேண்டும்.

ஓடாமலிருக்கக் குறுக்கே கம்பியோ சங்கிலியோ கட்டலாமா?

ஒருபோதும் கட்டாதீர்கள். கழுத்து உயரத்தில் கட்டிய கம்பி இருட்டில் ஆளைக் கொல்லும். காயம் உண்டாக்கும் பொறி வைப்பது குற்றவியல் சட்டத்தில் குற்றம், உங்கள் சொந்தக் காணியானாலும். மறிக்க வேண்டுமானால் அகலமான, உறுதியான படலை, இரு பக்கமும் ஒளி தெறிக்கும் தகடு, அதற்கு 100 மீட்டர் முன்பே எச்சரிக்கைப் பலகை. காணிக்காரர் யாராவது கயிறு கட்டியிருப்பதைக் கண்டால் அன்றைக்கே அவரிடம் போய்ப் பேசுங்கள். அவருடைய கோபம் நியாயமானது. ஆனாலும் கயிறு அங்கே நிற்கக் கூடாது.

கண்காணிப்புக் கமெரா உதவுமா?

உதவும், சரியாக வைத்தால். காணிக்காரரின் சம்மதம் முதலில். தடத்துக்குச் செங்குத்தாக வைத்தால் வேகமாகப் போகும் வண்டி மங்கலாகத்தான் விழும். தடத்துக்கு 45 பாகை கோணத்தில், பால வாய் அல்லது நிறுத்தக் குறி போன்ற மெதுவாகும் இடத்தில் வையுங்கள். பதிவு எண் வண்டியின் பக்கத்தில் தாழ்வாக இருப்பதால், பனிமட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம் போதும். பனி ஏற ஏற உயர்த்துங்கள். சாதாரண அல்கலைன் மின்கலம் குளிரில் விரைவில் செத்துவிடும், லிதியம் போடுங்கள். இரவில் அகச்சிவப்பு வெளிச்சம் ஒளிதெறிக்கும் இலக்கங்களை வெள்ளைத் திட்டாக்கிவிடலாம், ஆகவே இரவுப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

படத்தை முகநூலில் போட்டு ஆளைக் கண்டுபிடிக்கலாமா?

வேண்டாம். வண்டியை விற்று மூன்று வாரமான பழைய உரிமையாளரை ஊரே ஏசும். உண்மையான ஆள் எச்சரிக்கையாகி வண்டியை ஒளித்துவிடுவார். படத்தைப் பொலிசுக்கும் கிளப்புக்கும் மட்டும் கொடுங்கள்.

சத்தம் கூடிய புகைக்குழாய்?

காணிக்காரரிடமிருந்து வரும் முறைப்பாடுகளில் அடிக்கடி கேட்பது இது. கராஜில் கழற்றி எறிந்த தொழிற்சாலைச் சத்தந்தணிப்பானுக்குப் பதிலாகப் போட்ட வெற்றுக் குழாய், இரவு 11 மணிக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளியும் கேட்கும். சட்டம் வேலை செய்யும் சத்தந்தணிப்பானைக் கேட்கிறது. தன்னார்வலர் அளவிட முயல வேண்டாம், பதிவு எண்ணைக் குறித்துக் கொடுங்கள்.

காணிக்காரர் கோபத்தோடு அழைத்தால் முதலில் என்ன செய்வது?

அன்றைக்கே நேரில் போங்கள். தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டு முடிக்காதீர்கள். சேதத்தைப் படம் எடுங்கள், ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து. வண்டி தடத்தைவிட்டு விலகிய இடத்தையும், அங்கே உங்கள் "தடத்தைவிட்டு விலகாதே" பலகை நின்றதா விழுந்ததா என்பதையும் சேர்த்து எடுங்கள். அறிவிப்பு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. பலகை பனிக்குள் புதைந்திருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள், உடனே உயர்த்தி நடுங்கள். வயலின் நுழைவு, வெளியேற்றம் இரண்டிலும், திருப்பங்களிலும் கம்பங்களை நெருக்கமாக நடுங்கள். தேவைப்பட்டால் அன்று மாலையே அந்தத் துண்டை வரைபடத்தில் சிவப்பாக்குங்கள்.

அவர் பெரும்பாலும் கேட்கும் அடுத்த கேள்வி, "என் காணியில் ஒருவன் விழுந்து கை முறிந்தால் என்மேல் வழக்குப் போடுவானா?" காணி வைத்திருப்போர் பொறுப்புச் சட்டம், கட்டணம் வாங்காமல் தடத்துக்கு இடம் கொடுத்தவரின் பொறுப்பை மிகவும் குறைக்கிறது. வேண்டுமென்றே ஆபத்து உண்டாக்கக் கூடாது, ஆபத்தைத் துளியும் பொருட்படுத்தாமல் நடக்கக் கூடாது, அவ்வளவுதான். கிளப் போன்ற இலாபநோக்கற்ற அமைப்பிடமிருந்து பணம் பெற்றாலும் அது கட்டணமாகக் கொள்ளப்படாது. கூட்டமைப்பின் காப்புறுதியும் உண்டு, அதன் சான்றிதழின் பிரதியைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

தண்டச்சீட்டுக் கிடைத்தவர் எதிர்த்து வாதாடினால் தன்னார்வலர் நீதிமன்றம் போக வேண்டுமா?

அழைப்பாணை வந்தால் போக வேண்டும். அப்போது கை கொடுப்பது அன்று பென்சிலால் எழுதிய குறிப்புப் புத்தகம். பக்கங்கள் எண்ணிட்டிருக்க வேண்டும், பக்கம் கிழிக்கக் கூடாது, பிழையை ஒரே கோட்டால் வெட்டிப் பக்கத்தில் எழுதுங்கள், அழிப்பான் வேண்டாம். ஓட்டுநர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். பருவம் முடிந்ததும் புத்தகங்களைக் கிளப்பின் பூட்டிய அலுமாரியில் சேருங்கள். அவற்றில் மற்றவர்களின் பெயரும் முகவரியும் இருக்கும், வீட்டு மேசையில் கிடக்க வேண்டியவை அல்ல.